தம்பி விட்டுப்போன ஆம்ப்: எந்தத் திருகு எதற்கு?

ஆலைக் கிராணி, சுங்கை சிப்புட்
வெள்ளிக்கிழமை, இரவு 9.40

வணக்கம். எனக்கு டயர் மாற்றத் தெரியும். எடைமேடையில் செம்பனை லாரிக்காரர்களோடு மல்லுக்கட்டவும் தெரியும். காரில் பாட்டின் ஒலியைப் பெருக்கும் ஆம்ப் விஷயத்தில் மட்டும் நான் கைநாட்டு.

சிங்கப்பூருக்கு வேலைக்குப் போன என் தம்பி தன் 2008 மைவியை என்னிடம் விட்டுப்போனான். தவணை கட்டி முடித்த காராயிற்றே என்று மகிழ்ந்தேன். பின்கதவைத் திறந்தால் ஒரு காய்கறிப் பை வைக்கவும் இடமில்லை. கறுப்புக் கம்பளம் ஒட்டிய பெரிய பெட்டி, அதில் அடித்தொனிக்கான 12 அங்குல ஸ்பீக்கர், அதாவது வூஃபர், பக்கத்தில் கை நுழையும் அளவுக்கு ஒரு குழாய்த் துளை. ஆம்ப் ஓட்டுநர் இருக்கைக்கு அடியில் காலடிக் கம்பளத்தைப் போர்த்திக்கொண்டு கிடக்கிறது.

பாட்டுப் போட்டால் பின்கண்ணாடியும் நம்பர் பிளேட்டும் சேர்ந்து ஆடுகின்றன. பாடகரோ பின்னால் எங்கோ சாக்குக்குள் உட்கார்ந்து பாடுகிறார். இரவில் தோட்டத்துப் பாதையில் வரும்போது ஒவ்வோர் அடிக்கும் முன்விளக்கு மங்கி எரிகிறது. இரண்டு பக்கமும் செம்பனை மரங்கள் கண் சிமிட்டுவதுபோல் இருக்கும். அப்பா ஒருமுறை ஏறினார். கோயில் வாசலில் இறங்கும்போது, "உலைப்பானையில் மூடி குதிக்கிற சத்தம் கேட்டது, பாட்டு எங்கே?" என்றார். வேறு யாராவது சொல்லியிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். அவர் 30 வருடம் மாரியம்மன் திருவிழாவில் உறுமி வாசித்தவர்.

போன ஞாயிறு ஈப்போ போகும் வழியில், கிளம்பிய இருபது நிமிடத்தில் கார் முழுக்கத் தீய்ந்த வாடை, வார்னிஷ் கருகுவதுபோல. சற்று நேரத்தில் வூஃபர் நின்றுவிட்டது. குனிந்து பார்த்தால் ஆம்பின் பச்சை விளக்கு சிவப்பாக மாறியிருந்தது. ஓரமாக நிறுத்தி, ஒட்டுக்கடையில் ஒரு தே தாரிக் குடித்துவிட்டு வந்து போட்டால் ஒன்றுமே நடக்காததுபோல் மறுபடி பாடுகிறது.

தம்பியைக் கேட்டேன். "எல்லாவற்றையும் முழுக்கத் திருப்பி வைத்திருக்கிறேன், நீ எதையும் தொடாதே அக்கா" என்கிறான். தொடாமல் இருக்க முடியுமா? கம்பளத்தை விலக்கிக் கைவிளக்கு அடித்துப் பார்த்து எழுதிக்கொண்டது இது: கெயின், 6 வோல்ட் முதல் 0.2 வோல்ட் வரை. லோ பாஸ், 50 முதல் 250 வரை. சப்சோனிக், 15 முதல் 50 வரை. பேஸ் பூஸ்ட், 0 முதல் 12 வரை. நான்கும் வலக்கோடியில் இருக்கின்றன. ஃபேஸ் என்று ஒரு தள்ளுபொத்தான் 0-வில் நிற்கிறது. இவை போதாதென்று ஸ்டியரிங்குக்குக் கீழே டெலிபோன் கம்பி போன்ற ஒரு வயரில் தொங்கும் உருண்டைத் திருகு ஒன்று, அதுவும் வலக்கோடியில்.

வூஃபரின் முதுகில் 4 ஓம், 250 வாட் என்று இருக்கிறது. அது வந்த அட்டைப்பெட்டியில் 1200 வாட் என்று தீப்பொறி படத்தோடு போட்டிருக்கிறது. ஆம்பின் கையேட்டில் 4 ஓமுக்கு 250 வாட். பிளேயரின் பின்பக்க வெளியீடு 2 வோல்ட்.

நான் கேட்பதெல்லாம் இவ்வளவுதான். எந்தத் திருகு என்ன செய்கிறது? எதைக் குறைத்தால் அப்பாவுக்குப் பாட்டுக் கேட்கும்?


மூன்றாவது ஷிப்ட், கிள்ளான்
வெள்ளிக்கிழமை, இரவு 11.05

எல்லாத் திருகையும் வலக்கோடிக்குத் திருப்பாமல் இருப்பதற்கு எதற்குக் காசு கொடுத்து ஆம்ப் வாங்க வேண்டும்? என் காரில் பத்து வருடமாக அப்படித்தான். இதுவரை மூன்று வூஃபர்தான் மாற்றியிருக்கிறேன்.


கூம்பு ஸ்பீக்கர், தைப்பிங்
சனிக்கிழமை, காலை 6.15

அம்மா, முதல் வேலையாக அந்த வூஃபருக்கு ஒரு நாள் ஓய்வு கொடுங்கள். நீங்கள் சொன்னது வாய்ஸ் காயில் சூடேறும் வாடை. வூஃபரின் நடுவே காந்த இடுக்குக்குள் வார்னிஷ் பூசிய கம்பி சுற்றிய ஓர் உருளை ஏறி இறங்குகிறது. அளவு மீறிச் சூடானால் பசை இளகும், சுற்று தளரும், பக்கத்தில் உரசத் தொடங்கும். காரை அணைத்துவிட்டு, இரண்டு உள்ளங்கைகளையும் கோனின், அதாவது முன்னால் அசையும் கூம்பின், இரு பக்கமும் சமமாக வைத்து, மாவு பதம் பார்ப்பதுபோல் மெல்ல அழுத்திப் பாருங்கள். சத்தமில்லாமல் போய்வந்தால் பிழைத்தது. உப்புத்தாள் தேய்க்கும் ஒலி வந்தால் நான் கீழே எழுதியிருப்பதைப் படிக்க வேண்டாம், புது வூஃபருக்குக் காசு சேருங்கள்.

நான் 1980-களில் தோட்டம் தோட்டமாக மைக் செட் வாடகைக்கு விட்டவன். பிறகு 14 வருடம் கார் ஸ்டீரியோ பொருத்தினேன். இரண்டு தொழிலிலும் என்னிடம் வந்த தீய்ந்த ஸ்பீக்கர்களில் பெரும்பாலானவற்றைக் கொன்றது கெயின் திருகுதான். அது வால்யூம் என்று எல்லோரும் நினைக்கிறார்கள்.

கோயில் திருவிழாவை நினைத்துக்கொள்ளுங்கள். பூசாரி மைக்கில் முணுமுணுப்பார். கேட்க வேண்டுமென்றால் நான் மைக் திருகை நன்றாகத் திறந்து வைக்க வேண்டும். அவரை அடுத்துத் தலைவர் வருவார். அவர் குரலுக்கு மைக்கே தேவையில்லை. பூசாரிக்குத் திறந்த இடத்திலேயே தலைவருக்கும் விட்டுவைத்தால் கூம்பில் வருவது பேச்சாக இராது. 'கர்ர்' என்ற இரைச்சல்தான். ஆள் மாறும்போது திருகை மாற்றுவதுதான் என் வேலை. கெயின் என்பது அந்தத் திருகு. வருகிற ஒலி எவ்வளவு வலுவானது என்று ஆம்புக்குச் சொல்வதற்காக வைத்தது. 6 வோல்ட் என்ற முனை தலைவருக்கு, 0.2 வோல்ட் என்ற முனை பூசாரிக்கு. உங்கள் பிளேயர் 2 வோல்ட் தருகிறது. தம்பி அதைப் பூசாரியின் இடத்தில் வைத்திருக்கிறார். எண் சிறியதாகச் சிறியதாகச் சத்தம் கூடும் என்பதைக் கவனியுங்கள். பலர் ஏமாறும் இடம் இது.

அப்படி வைத்தால் பாதி வால்யூமிலேயே ஆம்பின் சக்தி தீர்ந்துவிடும். அதற்குமேல் அலை உயர முடியாமல், உச்சி வெட்டப்பட்டுத் தட்டையாகிறது. வேலியின் உயரத்துக்குக் கத்தரித்த செடிபோல. முழுக்கத் தட்டையான அலை, அதே உயரமுள்ள உருண்டை அலையைப்போல் இரண்டு மடங்கு வாட்டைக் காயிலில் கொட்டும். 250 வாட் வூஃபர் 250 வாட் ஆம்பில் தீய்வது இப்படித்தான். அட்டைப்பெட்டியில் உள்ள 1200-ஐ மறந்துவிடுங்கள். அது கண்ணிமைக்கும் நேரம் தாங்குவதாகச் சொல்லும் எண். முதுகில் உள்ள 250-தான் தொடர்ந்து தாங்குவது.

அடுத்து பேஸ் பூஸ்ட், அடித்தொனியை மட்டும் தூக்குவது. 12 என்பது 12 டெசிபெல், ஒலி எவ்வளவு கூடுகிறது என்பதன் அளவு. ஒவ்வொரு 3 டெசிபெலுக்கும் ஆம்ப் இரண்டு மடங்கு வாட் தர வேண்டும். 3-க்கு இரண்டு, 6-க்கு நான்கு, 9-க்கு எட்டு, 12-க்குப் பதினாறு. மெதுவாக 20 வாட்டில் பாடிக்கொண்டிருக்கிற பாட்டில் ஒரு கனத்த அடி வந்தால் உங்கள் ஆம்பிடம் 320 வாட் கேட்கிறார்கள். அதனிடம் இல்லை. இல்லாததைக் கேட்டால் தலையை வெட்டித்தான் தரும். பூஸ்டை 0-வில் வையுங்கள். பிறகு ஆசைப்பட்டால் 2, 3 வரை போகலாம், அதற்குக் கெயினைக் குறைத்துக்கொண்டு.

உங்கள் தம்பியின் அமைப்பில் ஒரு வேடிக்கை இருக்கிறது. இந்த வகை ஆம்ப்களில் பூஸ்ட் பெரும்பாலும் 45 ஹெர்ட்ஸைச் சுற்றித்தான் தூக்கும் (ஹெர்ட்ஸ் என்பது ஒலி விநாடிக்கு எத்தனை முறை அதிர்கிறது என்ற எண்; எண் சிறியதானால் அடித்தொனி). சப்சோனிக்கோ தனக்குக் கீழே உள்ளதை வெட்டும். அதை 50-இல் வைத்திருக்கிறார். ஒரு கையால் குடத்தில் ஊற்றுகிறார், மறு கையால் அடியில் ஓட்டை போடுகிறார். மிச்சம் நிற்பது 50-க்குச் சற்று மேலே ஒரே ஒரு முட்டு. எந்தப் பாட்டுப் போட்டாலும் ஒரே 'டும்'. அப்பா சொன்ன உலைமூடி அதுதான்.

சப்சோனிக் ஏன் இருக்கிறது என்றால், உங்கள் பெட்டியில் குழாய்த் துளை இருப்பதால். குழாயுள்ள பெட்டிக்கு ஒரு சொந்தச் சுருதி உண்டு. அந்தச் சுருதிக்குக் கீழே போனால் பெட்டிக்குள் இருக்கும் காற்று கோனைப் பிடித்து வைக்காது. அது கயிறறுந்த ஊஞ்சல்போல் முன்னும் பின்னும் வீசும். காதுக்கு ஒன்றும் கேட்காது, வூஃபர் கிழியும். ஆகவே பெட்டியின் சுருதிக்குச் சற்றுக் கீழே சப்சோனிக்கை வைக்க வேண்டும். மூடிய பெட்டியாக இருந்தால் இவ்வளவு கவலை இல்லை. சுருதியைக் கண்டுபிடிக்கும் வழியைக் கடைசியில் சொல்கிறேன்.

லோ பாஸ் இதன் மறுபக்கம்: மேலே உள்ளதை வெட்டும். 250-இல் வைத்தால் ஆண்குரலின் அடிச்சுருதி முழுவதும் வூஃபருக்குப் போய்விடும், அது பெரும்பாலும் 85-க்கும் 180-க்கும் இடையில்தான் இருக்கிறது. சாக்குக்குள் பாடுகிறவர் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறார். 80-க்குக் கொண்டுவாருங்கள். அதற்குக் கீழே ஒலி எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று காது எளிதில் கண்டுபிடிக்காது. வூஃபர் பின்னால் இருந்தும் முன்னால் பாடுவதாகத் தோன்றும். கதவு ஸ்பீக்கர்களுக்குப் பிளேயரிலேயே, கீழே உள்ளதை வெட்டும் ஹை பாஸ் இருந்தால் அதையும் 80 என்று வையுங்கள். பிளேயரில் வூஃபருக்கென்று இன்னொரு லோ பாஸ் இருந்தால் அதை அணையுங்கள். ஒரே பாலை இரண்டு முறை வடிகட்ட வேண்டாம்.

இப்போது கெயின் வைக்கும் முறை. 30, 40 வெள்ளிக்குக் கிடைக்கும் மல்டிமீட்டர் போதும். வாட்டையும் ஓமையும் பெருக்கி வர்க்கமூலம் எடுங்கள்: 250 × 4 = 1000, அதன் மூலம் 31.6. அதுதான் ஆம்பின் ஸ்பீக்கர் முனையில் வர வேண்டிய வோல்ட். வூஃபர் வயர்களைக் கழற்றி, ஒன்றோடொன்று படாமல் வையுங்கள். பூஸ்ட் 0. கெயினை இடக்கோடிக்குக் கொண்டுபோங்கள். 50 ஹெர்ட்ஸ் சோதனை ஒலியை, 0 டெசிபெல் அளவில், அதாவது பதிவு தாங்கும் உச்ச அளவில், பதிந்ததை, பென்டிரைவில் எடுத்துப் போடுங்கள். வெளி முற்றத்தில் இன்ஜினை ஓடவிட்டு, பிளேயர் வால்யூமை முக்காலுக்கு, 40 வரை போகும் என்றால் 30-க்கு, ஏற்றுங்கள். மீட்டரை ஏசி வோல்டில் வைத்து, 31 வரும் வரை கெயினை மெல்லத் திருப்புங்கள். வந்ததும் நிறுத்துங்கள். அப்புறம் அந்தத் திருகு அங்கே இருப்பதையே மறந்துவிடுங்கள்.

ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ளது சில ஆம்ப்களில் அளவைக் கூட்டிக் குறைக்கும், சிலவற்றில் அது பூஸ்டின் மறுமுனை. அதை 0-வுக்குத் திருப்பிப் பாருங்கள். வூஃபர் முழுக்க ஊமையானால் அளவு. அப்படியானால் மீட்டர் பிடிக்கும்போது அது வலக்கோடியில் இருக்கட்டும். மெதுவாகப் பாடிக்கொண்டே இருந்தால் பூஸ்ட். அப்படியானால் 0-விலேயே கிடக்கட்டும்.

பெட்டியின் சுருதிக்கு: குழாய் வாயில் ஒரு டிஷ்யூ காகித நாடாவை ஒட்டுங்கள். வூஃபரை மாட்டி, மிகக் குறைந்த சத்தத்தில் 50 ஹெர்ட்ஸிலிருந்து ஒவ்வொன்றாக இறங்கி 30 வரை ஒலிகளைப் போட்டுப் பாருங்கள். ஓர் இடத்தில் கோன் ஏறக்குறைய அசையாது நிற்கும், நாடாவோ பறக்கும். அதுதான் சுருதி.

மறந்தேன். பேட்டரியிலிருந்து ஆம்புக்குப் போகும் தடித்த வயரில், பேட்டரிக்குப் பக்கத்திலேயே, 45 சென்டிமீட்டருக்குள் ஒரு ஃபியூஸ் இருக்கிறதா? பார்த்துச் சொல்லுங்கள். இல்லையென்றால் இதையெல்லாம் விட்டுவிட்டு அதை முதலில் செய்ய வேண்டும்.


மீட்டர்காரன், கூலிம்
சனிக்கிழமை, மதியம் 1.20

ஐயா சொன்னதில் ஒரு படி விட்டுப்போயிற்று. கெயின் அளக்கும்போது சப்சோனிக்கை 15-க்கும் லோ பாஸை 250-க்கும் திருப்பி வையுங்கள். சப்சோனிக் 50-இல் இருக்கும்போது 50 ஹெர்ட்ஸ் ஒலி போட்டால் அந்த இடத்திலேயே 3 டெசிபெல் வெட்டுப்படும். மீட்டர் உண்மையில் பத்துக்கு ஏழுதான் காட்டும். அதை நம்பி 31 வரும் வரை திருப்பினால் தம்பி வைத்த இடத்துக்கே திரும்பிப் போவீர்கள். அளந்து முடித்த பிறகு இரண்டையும் அவற்றின் இடத்துக்குக் கொண்டுவாருங்கள்.

விலை குறைந்த மீட்டரா என்று தயங்க வேண்டாம். 50 ஹெர்ட்ஸ் நம் வீட்டு மின்சாரத்தின் அதே எண். அந்த மீட்டர்கள் அதை அளக்கத்தான் செய்யப்பட்டவை. 1000 ஹெர்ட்ஸ் போட்டு அளந்தால்தான் சில மீட்டர்கள் பொய் சொல்லும்.

0 டெசிபெல் ஒலியில் எனக்கு உடன்பாடு இல்லை. எந்தப் பாட்டும் முழு நேரமும் அந்த உயரத்தில் நிற்பதில்லை. மைனஸ் 5-இல் பதிந்த ஒலியால் அளந்தால் வூஃபர் இன்னும் கொஞ்சம் வாய் திறக்கும்.


கூம்பு ஸ்பீக்கர், தைப்பிங்
சனிக்கிழமை, பிற்பகல் 2.00

சப்சோனிக் விஷயத்தில் மீட்டர்காரத் தம்பி சொல்வது சரி, என் தவறு. மைனஸ் 5-ஐ ஏற்க மாட்டேன். அப்பாவின் பழைய பாடல்கள் மெதுவாகப் பதிந்தவை, அவற்றுக்கு அது பொருந்தும். ஆனால் சிங்கப்பூர்த் தம்பி தீபாவளிக்கு வருவார், காரைக் கேட்பார். ஏற்கெனவே ஒருமுறை வெந்த காயில். 0-விலேயே இருக்கட்டும்.


ஆலைக் கிராணி, சுங்கை சிப்புட்
ஞாயிற்றுக்கிழமை, இரவு 8.30

ஐயா, மீட்டர்கார அண்ணன், இருவருக்கும் நன்றி. இன்று காலை ஏழு மணிக்கு முற்றத்தில் தொடங்கினேன், மதியச் சோற்றுக்கு அம்மா மூன்று முறை கூப்பிட்டார்.

வூஃபர் பிழைத்தது. உள்ளங்கை வைத்து அழுத்தினேன், ஒன்றும் உரசவில்லை. ஃபியூஸ் இல்லை. பேட்டரி முனையிலிருந்து சிவப்பு வயர் நேராக இன்ஜின் சுவரின் ஓட்டைக்குள் போகிறது, அந்தத் தகரத்தின் விளிம்பில் வயரின் தோல் சற்றுத் தேய்ந்திருக்கிறது. அதைப் பார்த்த பிறகு என் கை கொஞ்ச நேரம் வேலை செய்யவில்லை. இத்தனை மாதம் அந்த வயரோடுதான் ஈப்போவுக்கும் கோலகங்சாருக்கும் போய்வந்திருக்கிறேன். பட்டணத்து உதிரிக்கடையில் ஃபியூஸ் கூடும், ஓட்டைக்கு ரப்பர் வளையமும் வாங்கினேன். ஆம்பிலேயே 30 ஆம்பியர் இருப்பதால் பேட்டரிப் பக்கத்துக்கு 40 போதும் என்றார் கடைக்காரர். தம்பிக்குப் படம் எடுத்து அனுப்பினேன். ஒரு கட்டைவிரல் மட்டும் பதிலாக வந்தது.

கறுப்பு வயரை இருக்கையின் போல்டுக்கு அடியில் பெயின்டின் மீதே முறுக்கியிருந்தான். கழற்றி, தகரம் பளபளக்கும் வரை உப்புத்தாளால் தேய்த்து மாட்டினேன். ஆம்பின் மேல் கிடந்த கம்பளத்தையும் வெட்டி எடுத்துவிட்டேன்.

பிறகு மீட்டர். எதையும் மாற்றுமுன் தம்பி வைத்த நிலையில் என்ன வருகிறது என்று பார்க்க ஆசை. வால்யூம் 30-இல் 46 வோல்ட். கெயினை இடக்கோடிக்குக் கொண்டுபோய், மற்றவற்றை நீங்கள் இருவரும் சொன்னபடி வைத்து, மெல்ல ஏற்றினேன். 12, 19, 26. திருகு மயிரிழை நகர்ந்தாலே எண் தாவுகிறது. 31-இல் நிறுத்தியபோது ஸ்குரூ டிரைவரின் முனை கடிகாரத்தில் பத்தரை மணியைக் காட்டியது. இவ்வளவு நாளும் அது ஐந்து மணியில் இருந்தது.

டிஷ்யூ நாடாவை அப்பா பிடித்துக்கொள்ளவில்லை, ஒட்டினேன். 45-இல் கோன் ஆடியது, நாடா லேசாக அசைந்தது. 40-இல் நாடா சாய்ந்தது. 36-க்கு வந்ததும் கோன் அப்படியே நின்றுவிட்டது. கண்ணை நம்பாமல் விரல் நுனியை வைத்தேன். மெல்லிய சிலிர்ப்பு மட்டும். நாடாவோ கிடையாகப் பறக்கிறது, குழாயிலிருந்து காற்று என் முழங்கையில் அடிக்கிறது. 32-இல் கோன் மறுபடி, இந்த முறை பயமுறுத்தும்படி ஆடத் தொடங்கியது, சத்தமே இல்லாமல். உடனே அணைத்துவிட்டேன். அப்பா இதையெல்லாம் வேலியில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "உறுமியிலும் ஒரு பக்கம் அடித்தால் மறுபக்கத் தோல்தான் பேசும்" என்றார். சப்சோனிக்கை 30-இல் வைத்தேன். லோ பாஸ் 80. கீழே தொங்கும் திருகு அளவுதான், பூஸ்ட் இல்லை, 0-வில் ஊமையாகிவிட்டது.

ஃபேஸ் பொத்தானைப் பற்றி யாரும் சொல்லவில்லை. நானே அழுத்திப் பார்த்தேன், 180-இல் அடி நிறைவாகக் கேட்டது. அப்படியே விட்டேன். சரிதானா?

நம்பர் பிளேட்டுக்குப் பின்னால் இரண்டு பஞ்சுத்துண்டு வைத்தேன். பாதி 'டும்' அதுதான் போலிருக்கிறது.

மாலையில் அப்பாவை ஏற்றிக்கொண்டு பெரிய சாலை வரை போய்வந்தேன். முன்விளக்கு கண் சிமிட்டவில்லை. ஒரு பழைய பாட்டு முடியும் வரை அவர் பேசவில்லை. இரண்டாவது பாட்டில் பேஸ் கிட்டார் ஏறி இறங்குவதைத் தொடையில் விரலால் தட்டிக்கொண்டு வந்தார். இத்தனை நாள் அந்தப் பாட்டில் அப்படி ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது.

இனிதான் சிக்கல். போன வருடத் திருவிழாவில் அப்பாவின் குழு வாசித்ததை நான் கைப்பேசியில் பதிந்திருந்தேன். அதைப் போடச் சொன்னார். அடி கேட்கிறது. வளைந்த குச்சியால் தோலைத் தேய்க்கும்போது வருமே அந்த உறுமல், அது மட்டும் கொசு ரீங்காரம்போல் மெலிந்து கிடக்கிறது. பூஸ்டை ஏற்றட்டுமா?


கூம்பு ஸ்பீக்கர், தைப்பிங்
ஞாயிற்றுக்கிழமை, இரவு 9.10

ஏற்ற வேண்டாம். பூஸ்ட் உள்ளதைப் பெருக்கும், இல்லாததை உண்டாக்காது. கைப்பேசி மைக் பேச்சுக்காகச் செய்தது. பல கைப்பேசிகள் காற்று இரைச்சலைத் தவிர்க்கக் கீழ்ச் சுருதிகளைப் பதியும்போதே கழித்துவிடும். கோப்பில் இல்லாததை வூஃபர் எங்கிருந்து கொண்டுவரும்?

தவிர, உறுமல் முழுக்க வூஃபருக்கு உரியது என்று நான் நினைக்கவில்லை. எத்தனையோ திருவிழாவில் அந்தத் தோலுக்கு முன்னால் மைக் வைத்திருக்கிறேன். அதன் அடி வயிறு கீழே இருந்தாலும், 'ஊம்' என்று வழுக்கிப் போகும் அந்தக் கரகரப்பு மேலேதான், கதவு ஸ்பீக்கரில். கதவு ஸ்பீக்கரின் ஹை பாஸை 80-க்குமேல் வைத்திருந்தால் இறக்குங்கள். அடுத்த திருவிழாவில் ஒரு சிறு பதிவுக் கருவியை இரவல் வாங்கி, தேய்க்கும் பக்கத்துக்கு ஒரு முழம் தள்ளி வையுங்கள். மேளத்துக்கு நேர் எதிரே வேண்டாம், அடி வந்து மைக்கை அடைத்துவிடும்.

ஃபேஸ்: ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து, 80 ஹெர்ட்ஸில் எது பலமாகக் கேட்கிறதோ அது சரி. வூஃபரும் கதவு ஸ்பீக்கரும் ஒன்றையொன்று தள்ளாமல் சேர்ந்து தள்ளும் நிலை அது. உங்கள் காது சரியாகச் சொல்லியிருக்கிறது.


மீட்டர்காரன், கூலிம்
ஞாயிற்றுக்கிழமை, இரவு 10.45

46 வோல்டைக் கணக்குப் போட்டேன். 46-ஐ 46-ஆல் பெருக்கி 4-ஆல் வகுத்தால் 529 வாட். வூஃபர் கழற்றியிருந்ததால் அந்த எண் சற்றுப் பெருத்திருக்கும், தட்டையான அலையை அந்த மீட்டர் கொஞ்சம் கூட்டியும் காட்டும். இருந்தாலும் 250 வாட் காயில் இருபது நிமிடம் தாங்கியதே பெரிது. அந்த வூஃபரைச் செய்தவர் யாரோ, அவருக்கு ஒரு வணக்கம்.


மூன்றாவது ஷிப்ட், கிள்ளான்
திங்கட்கிழமை, காலை 7.30

சும்மா கேட்கிறேன். பத்தரை மணி என்றால் இடப்பக்கம்தானே?


ஆலைக் கிராணி, சுங்கை சிப்புட்
செவ்வாய்க்கிழமை, காலை 7.05

இடப்பக்கம்தான் அண்ணே. ஆனால் உங்கள் ஆம்பையும் பிளேயரையும் அளக்காமல் என் பத்தரையைக் கடன் வாங்காதீர்கள்.

ஐயா, அவசரமாக ஒரு கேள்வி, வேலைக்குத் தாமதமாகிவிட்டது. நேற்று இரவு அப்பா சாவியைக் கேட்டார். முற்றத்தில் காருக்குள் உட்கார்ந்து, கதவைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். இன்ஜின் ஓடவில்லை. பக்கத்து வீட்டு மாமாவும் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். நான் பதினோரு மணிக்குத் தூங்கிவிட்டேன். காலையில் சாவியைத் திருப்பினால் 'டிக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். ஆம்ப் போய்விட்டதா?


கூம்பு ஸ்பீக்கர், தைப்பிங்
செவ்வாய்க்கிழமை, காலை 7.20

ஆம்புக்கு ஒன்றுமில்லை, பேட்டரி படுத்துவிட்டது. பக்கத்து வீட்டு மாமாவின் காரிலிருந்து வயர் கொடுத்துக் கிளப்புங்கள், அவருக்கும் இதில் பங்கு உண்டு. சிறிய காரின் பேட்டரி 35 ஆம்பியர்-மணி அளவுதான் இருக்கும். அந்தச் சத்தத்தில் ஆம்பும் பிளேயரும் உள்விளக்குமாகச் சேர்ந்து 5, 6 ஆம்பியர் இழுத்தாலும் மூன்று மணி நேரத்தில் பாதி காலி. இன்ஜின் இல்லாமல் கேட்பதானால் ஒரு மணி நேரம் போதும் என்று அப்பாவிடம் சொல்லுங்கள். கேட்க மாட்டார். சாவியை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள்.